ஊருக்கு எதற்கு ஒரு சிம்பொனி? டெட்ராய்ட்டை வைத்து ஒரு பதில்

இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்துத் தன் சிம்பொனியை அரங்கேற்றியதிலிருந்து ஒரே கேள்வி பலரிடமிருந்து எனக்கு வருகிறது. மதுரையிலிருந்து ஒரு நண்பர் அதை நேராகவே கேட்டார்: "அங்கெல்லாம் ஊருக்கு ஊர் ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா இருக்காமே. அதுக்கு யார் சம்பளம் கொடுக்கிறாங்க? கோட்டு சூட்டு போட்டுக்கிட்டுப் போற நாலு பணக்காரங்களைத் தவிர ஊருக்கு அதால என்ன பிரயோஜனம்?"

நியாயமான கேள்வி. நான் இசை படித்தவன் இல்லை. கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஆனால் பதினேழு வருடமாக, அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டின் புறநகரில் குடியிருக்கிறேன். டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவை நல்ல நாளிலும் பார்த்தேன், அது மூடிக் கிடந்த நாளிலும் பார்த்தேன். அதனால் எல்லா ஊருக்கும் பொதுவாகப் பேசாமல் இந்த ஒரு ஊரை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். நம் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. இங்கே சொல்வது வேறு. எண்பதுக்கு மேற்பட்ட வாத்தியக் கலைஞர்கள் ஒரே நிறுவனத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், தொழிற்சங்கம் எல்லாம் உண்டு. வாரம் முழுக்க ஒத்திகை, வார இறுதியில் கச்சேரி. அடுத்த வாரம் வேறு இசை, மறுபடியும் ஒத்திகை. இந்த "வேலை" என்ற அம்சத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்விக்கு என் பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது. இசைக்குழுவால் ஊருக்குக் கிடைக்கும் பெரிய லாபம், அந்த எண்பது பேரும் அந்த ஊரிலேயே குடியிருப்பதுதான். கச்சேரி அதில் ஒரு பகுதி.

டெட்ராய்ட்டில் இந்த இசைக்குழுவின் முதல் கச்சேரி 1887 டிசம்பரில் நடந்தது. பிறகு நின்றுபோயிற்று. 1914இல் ஊரின் வசதியான குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பெண்கள் ஆளுக்கு 100 டாலர் போட்டு, இன்னும் ஆட்களைச் சேர்ப்பதாக உறுதி சொல்லி, மறுபடி தொடங்கி வைத்தார்கள். அது கார் தொழில் கொழிக்கத் தொடங்கிய நேரம். ஊரில் பணம் புரண்டது. 1918இல் ஓசிப் கப்ரிலோவிச் என்ற ரஷ்யப் பியானோ மேதையை இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துனராக அழைத்தார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைனின் மகளை மணந்தவர் அவர். நல்ல அரங்கம் கட்டிக் கொடுத்தால்தான் பதவியில் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். உட்வர்ட் அவென்யூவில் ஒரு பழைய தேவாலயம் நின்ற இடத்தில், ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஆர்க்கெஸ்ட்ரா ஹால் எழுந்து நின்றது. 1919 அக்டோபரில் முதல் கச்சேரி. ஏறக்குறைய 2,000 பேர் உட்காரலாம். மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. பின்பக்க மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். மேடையில் முக்கோண மணியை ஒரு தட்டுத் தட்டினால் அது காதுக்குப் பக்கத்தில் தட்டியதுபோல் வந்து விழும். அவசரத்தில் கட்டிய கட்டடத்தில் இப்படி ஒரு நாதம் எப்படி அமைந்தது என்று இன்றைக்கும் வியக்கிறேன்.

1922 பிப்ரவரியில் இதே குழு ஒரு முழுக் கச்சேரியை வானொலியில் ஒலிபரப்பியது. ஒரு சிம்பொனி இசைக்குழு அப்படிச் செய்தது உலகத்திலேயே முதல்முறை என்கிறார்கள். டிக்கெட் வாங்க முடியாதவன் வீட்டுக்குள்ளும் போக வேண்டும் என்ற நினைப்பு அப்போதே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பின்னால் அது திரும்ப வரும்.

பிறகு பொருளாதார மந்தம் வந்தது. 1939இல் இசைக்குழு அந்த அரங்கை விட்டு வெளியேறியது. காலியாகக் கிடந்த கட்டடம் 1941 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கச்சேரியோடு "பாரடைஸ் தியேட்டர்" என்ற பெயரில் திறந்தது. பக்கத்தில் பாரடைஸ் வேலி என்று கறுப்பின மக்கள் கடை வைத்துத் தொழில் செய்த பகுதி ஒன்று இருந்தது. அதிலிருந்து வந்த பெயர். டியூக் எலிங்டன், கவுன்ட் பேசி, பில்லி ஹாலிடே, எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஜாஸ் உலகத்தின் பெரிய தலைகள் எல்லாம் அந்த மேடையில் ஏறினார்கள். பத்து வருடம் ஓடி, 1951இல் அதுவும் மூடியது. பாரடைஸ் வேலியையே பின்னால் நெடுஞ்சாலை போடுவதற்காக இடித்துத் தள்ளினார்கள். இன்று அந்தப் பகுதியின் நினைவாக எஞ்சி நிற்பவற்றில் இந்த அரங்கமும் ஒன்று. இசைக்குழு நடத்தும் ஜாஸ் வரிசைக் கச்சேரிகளுக்கு இப்போதும் பாரடைஸ் என்றுதான் பெயர்.

அந்த அரங்கம் நிற்பதற்கு, பசூன் என்ற நீண்ட மரக்குழல் வாசித்த ஒரு கலைஞர் காரணம். 1970இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு உணவகம் கட்டுவதாக இருந்தது. கூரை ஒழுகி, சுவர்ப் பூச்சு உதிர்ந்து கிடந்த இடம். இசைக்குழுவோ ஆற்றங்கரையில் ஃபோர்டு ஆடிட்டோரியம் என்ற புது அரங்கில் வாசித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒலி சரியில்லை. குழுவில் பசூன் வாசித்த பால் கான்சன் என்பவர் முன்னே நின்று ஆள் திரட்டினார். வாத்தியக் கலைஞர்களும் ஊர் மக்களும் சேர்ந்து பணம் திரட்டி இடிப்பைத் தடுத்தார்கள். ஏறக்குறைய இருபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்தார்கள். 1989இல் இசைக்குழு ஐம்பது வருடம் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்பியது. ஊரே காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. மக்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், கடைகள் மூடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் இவர்கள் நகரத்துக்கு உள்ளே போனார்கள். பக்கத்திலேயே கலைகளுக்கான அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்றும் பின்னால் வந்தது. கார் நிறுத்த ஆள் பயந்த தெருவில் இன்று ராத்திரி பத்து மணிக்கும் ஜனங்கள் நடக்கிறார்கள்.

ஊரில் குடியிருப்பதுதான் லாபம் என்றேனே, அதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மோடவுன். 1960களில் வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் ஒரு சாதாரண வீட்டில் நடந்த ஒலிப்பதிவுக் கூடம் அது. அங்கிருந்து போன பாட்டுகளை உலகமே பாடியது. அந்தப் பாட்டுகளில் குரலுக்குப் பின்னால் பட்டுத்துணிபோல் விரியும் வயலின்கள் பெரும்பாலும் டெட்ராய்ட் சிம்பொனிக் கலைஞர்களுடையவை. குழுவின் முதல் வயலினான, அதாவது வயலின்காரர்களுக்குத் தலைமை தாங்கிய, கோர்டன் ஸ்டேபிள்ஸ்தான் அந்த வயலின் கூட்டத்துக்குத் தலைவர். பகலில் பீத்தோவன், மற்ற நேரத்தில் மோடவுன் பாடகர் மார்வின் கேயின் பாட்டு. நம் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசை ஒன்றாக எழும்பக் கேட்டவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற இருபது வயலின்காரர்கள் ஊரில் இருந்தால்தான் அந்த ஓசை கிடைக்கும். பாட்டு வரும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றால் கூப்பிட ஆள் இருக்க வேண்டும் அல்லவா.

கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே வேலைக்கு ஆள் எடுக்கும்போது திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்வார்கள். ஆணா பெண்ணா, என்ன நிறம் என்று தேர்வாளர்களுக்குத் தெரியக்கூடாது. காலணிச் சத்தம் கேட்காமலிருக்கத் தரையில் கம்பளம்கூட விரிப்பதுண்டு. மிக நேர்மையான முறை. அப்படி இருந்தும், மக்கள்தொகையில் முக்கால் பங்கு கறுப்பினத்தவர் இருந்த டெட்ராய்ட்டில், 1989இல் இந்தக் குழுவில் ஒரே ஒரு கறுப்பினக் கலைஞர்தான் இருந்தார். மாநில சட்டமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் அரசு உதவித்தொகையை நிறுத்தி வைத்தார்கள். அதன்பின் மாற்று ஆளாக டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த ரிக் ராபின்சனைத் திரைத் தேர்வு இல்லாமலேயே வேலைக்கு எடுத்தார்கள். மற்றவர்களைப்போல் வாசித்துத் தேர்வாகி வருவதையே விரும்பியிருப்பேன் என்று அவர் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். நாடு முழுக்கச் சர்ச்சையாகிவிட்டது.

இதில் என் கருத்து: திரை நேர்மையானதுதான். ஆனால் திரைக்குப் பின்னால் வந்து நிற்பதற்குப் பதினைந்து வருடப் பயிற்சி வேண்டும், விலை உயர்ந்த வாத்தியம் வேண்டும், நல்ல ஆசிரியர் வேண்டும். அந்தப் பதினைந்து வருடத்தில் எந்தத் திரையும் இல்லை. ஆக, ஏழு வயதுக் குழந்தையிடமிருந்து தொடங்காமல் இது சரியாகாது. ராபின்சன் இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குழுவில் வாசித்துவிட்டு, பிறகு வெளியே வந்து, மதுக்கடைகளிலும் காபிக் கடைகளிலும் சிறு குழுவாகச் சிம்பொனி இசையை வாசித்துக்காட்டுவதையே தன் வேலையாக வைத்துக்கொண்டார். அரங்கத்துக்குள் ஒருநாளும் வராத ஆட்களிடம் அவர் போய்ச் சேர்ந்தார்.

இனி பணம். நண்பர் முதலில் கேட்டது இதைத்தான். டிக்கெட் வருமானம் செலவில் பாதிகூட வராது. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான். மீதி நன்கொடை, அறக்கட்டளைகள், முதலீட்டு நிதியின் வட்டி. ஜெர்மனியில் அரசு பெரும்பங்கு கொடுக்கும். இங்கே அரசுப் பங்கு மிகக் குறைவு. ஆகவே கார் விற்றால் இசை உண்டு, கார் விற்காவிட்டால் சங்கடம். 2008இல் கார் கம்பெனிகள் கவிழ்ந்தபோது கூடவே இசைக்குழுவும் ஆட்டம் கண்டது. அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் ஒரே வெள்ளிக்கிழமையில் எங்கள் வரிசையில் பாதி மேசை காலியானது. அப்போது யார் இசைக்கு நன்கொடை கொடுப்பார்கள்?

நிர்வாகம் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்டக் கேட்டது. 2010 அக்டோபர் 4 அன்று கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு மாதம் அரங்கம் இருண்டு கிடந்தது. வெளியே பார்க்கிறவர்களுக்கு அது சம்பளச் சண்டை. உள்ளே இன்னொரு சண்டையும் இருந்தது, உங்கள் கேள்விக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்துவது, சிறு குழுவாக ஊருக்குள் வாசிப்பது போன்றவற்றையும் கலைஞர்களின் கட்டாய வேலையாக்க வேண்டும் என்றது நிர்வாகம். நாங்கள் வாசிப்பதற்காகவே வாழ்நாளெல்லாம் பயிற்சி எடுத்தவர்கள். மேடைத் தரம் குறைந்தால் ஊருக்குப் போய் எதைக் காட்டுவது என்றார்கள் கலைஞர்கள்.

நான் அப்போது இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பொருளின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஏனென்றால் வேலைநிறுத்தம் நடந்த அந்தக் குளிர்காலத்தில் அதே கலைஞர்கள் தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தாங்களே கச்சேரி ஏற்பாடு செய்து வாசித்தார்கள். சம்பளமில்லாத நாட்களிலும் ஊருக்குள் போனார்கள். கட்டாயம் என்ற சொல்தான் அவர்களுக்குக் கசந்தது.

2011 ஏப்ரலில் உடன்பாடு வந்தது. ஒரு லட்சத்து நாலாயிரம் டாலருக்கு மேல் இருந்த அடிப்படைச் சம்பளம் எண்பதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. ஊர்ப்பணி விருப்பப்பட்டவர்களுக்குக் கூடுதல் ஊதியத்தோடு என்று முடிவாயிற்று. இழப்பு சிறியதில்லை. பெரிய அமெரிக்க இசைக்குழு ஒன்றில் முதல் வயலின் பதவிக்கு வந்த முதல் பெண் என்று பெயரெடுத்த இம்மானுவேல் புவாவேர் டல்லாஸ் போய்விட்டார். இன்னும் பலர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். அவர்களோடு அவர்களிடம் படித்த பிள்ளைகளின் பாடமும் நின்றது. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ஆசிரியர் போய்விட்டார். அவன் அம்மா ஒரு வருடம் வேறு ஆள் தேடினார். எண்பது பேர் ஊரில் இருப்பதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

திரும்பி வந்தவர்கள் முதலில் இலவசக் கச்சேரி வைத்தார்கள். பிறகு கச்சேரிகளை இணையத்தில் நேரலையாக, காசு வாங்காமல் கொடுக்கத் தொடங்கினார்கள். 1922இல் வானொலியில் செய்ததை மறுபடி செய்தார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக் குழந்தைகளுக்கான கச்சேரிகளையும் வகுப்பறைக்கே நேரலையில் அனுப்பினார்கள். அதே வருடம் புறநகர்க் கச்சேரி வரிசையும் வந்தது. முழு இசைக்குழுவும் பேருந்தில் ஏறி சவுத்ஃபீல்டில் ஒரு யூத வழிபாட்டுக்கூடம், பிளிமத்தில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், டியர்பார்னில் ஒரு சமூகக் கூடம் என்று வாசிக்கப் போகிறது. நகரத்துக்குள் வரத் தயங்கியவர்களைத் தேடி அவர்கள் தெருவுக்கே போவது.

பிளிமத் தேவாலயத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு நானும் மகளும் போயிருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். மேடை கிடையாது; செல்லோக்காரர்கள் எங்களுக்கு நாலடி தூரத்தில். பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி. ஓபோ என்ற குழல் ஒரு ஸ்வரத்தைக் கொடுக்க, எல்லோரும் அதற்குச் சுருதி சேர்த்தார்கள். இரண்டாம் பகுதியில், குழல்கள் ஒருமுறை சேர்ந்து ஒலித்து அடங்கியதும், முதலில் வருவது கீழ்ஸ்தாயித் தந்திகள்தான்: வயோலா, செல்லோ, டபுள் பேஸ். வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தத் தாழ்ந்த நாதம் எங்கள் மரப் பெஞ்சுக்குள் ஏறி முதுகில் அதிர்ந்தது. இரண்டு பேருக்கு ஒரே இசைத்தாள். உள்பக்கம் உட்கார்ந்தவர் வாசிப்பை நிறுத்திப் பக்கம் திருப்புவார், வெளிப்பக்கத்தவர் விடாமல் வாசிப்பார். தாளில் எங்கு பார்த்தாலும் பென்சில் குறிகள், வில் மேலே போக வேண்டுமா கீழே வர வேண்டுமா என்று. மகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அவங்களும் பென்சில்லதான் எழுதிக்கிறாங்க" என்று காதில் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்து வயலின் தாளிலும் அதே குறிகள் இருக்கும்.

2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி திவாலானது. அமெரிக்காவில் அவ்வளவு பெரிய நகரம் திவாலானது அதுவே முதல்முறை. கடன்காரர்களின் கண் நகரத்துக்குச் சொந்தமான கலைக்கூடத்தின் ஓவியங்கள்மேல் விழுந்தது. விலை மதிப்பீடுகூட நடந்தது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் பெரும் பணம் போட்டு அவற்றைக் காப்பாற்றின. இசைக்குழு நகராட்சியின் சொத்தில்லை, அதனால் அந்த வழக்கில் சிக்கவில்லை. இரண்டு மாதம் முன்னால்தான் அது நியூயார்க் கார்னகி ஹாலில் அமெரிக்க இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸின் நான்கு சிம்பொனிகளையும் ஒரே இரவில் வாசித்துவிட்டு வந்திருந்தது. நகரம் திவாலாகிக் கிடந்த அந்த வருடங்களில், மூன்று வருடம் முன்னால் மூடிக் கிடந்த இசைக்குழு பற்றாக்குறை இல்லாமல் கணக்கை முடிக்கத் தொடங்கியது. அந்த நாட்களில் டெட்ராய்ட் என்று தொலைக்காட்சியில் வந்தாலே இடிந்த வீடுகளைத்தான் காட்டுவார்கள். ஊரிலிருந்து என் அப்பா போன் செய்து "அங்கே இருக்கலாமாடா?" என்று கேட்பார். நான் அவருக்கு நேரலை இணைப்பை அனுப்பினேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே சனிக்கிழமை இரவு. காபி குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். "ஊர் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இப்போது டெட்ராய்ட் ஹார்மனி என்று ஒரு திட்டம் நடக்கிறது. நகரத்துப் பள்ளிக் குழந்தைகளில் யார் வாத்தியம் கேட்டாலும் அவர்களுக்கு ஒரு வாத்தியமும் கற்றுக்கொடுக்க ஆளும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். 1989இல் திரைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எழுந்த கேள்விக்கு இதுதான் சரியான இடத்தில் தொடங்கும் பதில் என்று நான் நம்புகிறேன். பலன் தெரியப் பதினைந்து வருடம் ஆகும். ஆகட்டும்.

மகள் வளர்ந்துவிட்டாள், முக்கால் அளவு வயலின் போய் முழு அளவு வந்துவிட்டது. பழைய வயலின் அலமாரி மேல் இரண்டு வருடமாகக் கிடந்தது. போன இலையுதிர்காலத்தில் அதை நன்கொடைக்கு எடுத்துக்கொண்டு போனோம். அறுந்த ஈ தந்தியை மாற்றி, வில்லுக்குப் புது ரோசின் கட்டி ஒன்றும் வாங்கி வைத்தோம். பெட்டியின் உள்மூடியில் அவள் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். கொடுக்கும் முன் அதை உரிக்கப் போனேன். "இருக்கட்டும்ப்பா, அதுக்குக் கீழ அந்தப் பிள்ளையும் எழுதிக்கும்" என்றாள். ஒரு பென்சிலையும் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.